டேபிள் டென்னிஸ் ரப்பர்: பார்த்து வாங்குவது, ஒட்டுவது, வேலூர் வெயிலில் காப்பாற்றுவது

கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேட்டில் சில மாதம் ஆடிப் பழகியவர்கள், அடுத்து மரத்தைத் தனியாகவும் ரப்பரைத் தனியாகவும் வாங்கி ஒட்ட நினைப்பார்கள். அவர்களுக்கான விளக்கம் இது. ரப்பரின் உயிர், பந்தைப் பற்றும் அதன் கிரிப்பில் இருக்கிறது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து வெயிலும் புழுதியும் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

எதை வாங்குவது

ரப்பர் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்கு: மேலே ரப்பர் தாள், கீழே ஸ்பாஞ்ச். தாளின் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முனைகள் இருக்கும். அந்த முனைகள் ஸ்பாஞ்சைப் பார்த்து ஒட்டியிருந்து, வழுவழுப்பான பக்கம் வெளியே இருந்தால் அது இன்வெர்ட்டட். முனைகள் வெளியே இருந்தால், அவற்றின் நீளத்தைப் பொறுத்து ஷார்ட் பிம்பிள் அல்லது லாங் பிம்பிள். புதிதாகக் கற்பவர் இரண்டு பக்கமும் இன்வெர்ட்டட்டே போட வேண்டும். லாங் பிம்பிள் எதிராளியின் ஸ்பின்னையே அவருக்குத் திருப்பி அனுப்பும், அதனால் பாயின்ட் சீக்கிரம் வரும். ஆனால் சொந்த ஸ்ட்ரோக் உருவாகாமலே போய்விடும்.

ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 2.0 மி.மீ. போதும். தடிமன் கூடினால் வேகம் கூடும், மெதுவாகத் தள்ளும் புஷ்ஷும் தடுத்தாடும் பிளாக்கும் மேசையைத் தாண்டிப் போகும். யசாகா மார்க் 5, பட்டர்ஃபிளை ஸ்ரைவர் போன்ற பழைய, நிதானமான ரப்பர்கள் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தம். ஹரிக்கேன் 3 போன்ற பிசுபிசுப்பான சீன ரப்பர்கள் கெட்டியானவை. கையை முழுதாக வீசி அடிக்கத் தெரிந்த பிறகே அவற்றின் பலன் தெரியும். ஸ்பாஞ்ச் எவ்வளவு கெட்டி என்று அட்டையில் போட்டிருக்கும் டிகிரி எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சீன அளவுகோலும் ஐரோப்பிய அளவுகோலும் வேறு வேறு. சீன 40, ஐரோப்பிய 40ஐ விட நன்றாகவே கெட்டி.

போட்டிக்குப் போவதாக இருந்தால், ரப்பரின் கைப்பிடிப் பக்க ஓரத்தில் ஐ.டி.டி.எஃப். (சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு) முத்திரை இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம். 2021 அக்டோபர் முதல் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும். ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

ஒட்டும் முறை

பசைதான் பலரும் சறுக்கும் இடம். நம் பக்கம் தோல், ஷூ வேலை அதிகம் என்பதால் செருப்பு ஒட்டும் பசை சுலபமாகக் கையில் கிடைக்கும். சைக்கிள் கடை சொல்யூஷனும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம். ஆவியாகும் கரைப்பான் கலந்த பசைக்கு 2008 செப்டம்பரிலிருந்து தடை இருக்கிறது, மூச்சுக்கும் கேடு. மர வேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், ஸ்பாஞ்சின் துள்ளலே போய்விடும். டேபிள் டென்னிஸுக்கென்றே விற்கும் தண்ணீர்ப் பசையை வாங்குங்கள்.

மரத்தைத் துடைத்து, ஒரு மெல்லிய பூச்சு. ஸ்பாஞ்ச் பசையைக் குடிக்கும் என்பதால் அதற்கு இரண்டு பூச்சு, முதலாவது காய்ந்த பிறகு இரண்டாவது. ஒரு பூச்சுக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்கு மேல் தேவையில்லை. சிறு ஸ்பாஞ்ச் துண்டால் ஒரே திசையில் இழுத்துப் பரப்புங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் பசை திரண்டு கட்டியாகும். வெள்ளையாக இருக்கும் பசை காயக் காயக் கண்ணாடி போலத் தெளியும். எங்கும் வெள்ளை தெரியாத வரை காத்திருங்கள், பொதுவாக 10 முதல் 20 நிமிடம். மழைக்காலத்தில் இன்னும் ஆகும். கத்திரி வெயில் நாளில் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் ஓரம் மட்டும் காய்ந்து நடுவில் ஈரம் தங்கும், பிறகு அங்கேதான் குமிழ் கிளம்பும்.

காய்ந்ததும் முத்திரையுள்ள ஓரத்தைக் கைப்பிடி தொடங்கும் கோட்டோடு பொருத்தி, அங்கிருந்து மேல்நோக்கிப் பூரிக்கட்டையால் உருட்டிக்கொண்டே படிய விடுங்கள். ரப்பரை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தது பிறகு சுருங்கி ஓரத்தில் மரம் தெரியும். கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ரப்பர் கீழே இருக்கும்படி அட்டை மேல் கவிழ்த்து, மரத்தின் விளிம்பை ஒட்டிப் புது பேப்பர் கட்டரை நேராக நிறுத்தி, ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் ஸ்பாஞ்ச் பிய்ந்து பல்பல்லாக நிற்கும். கடைசியில் ஓரத்தில் டேப்.

தினசரிப் பராமரிப்பு

ஆடி முடித்ததும் சுத்தமான ஈர ஸ்பாஞ்சால் லேசாகத் துடைத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டு மூடுங்கள். உப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும், குடிக்கும் தண்ணீரே நல்லது. சோப்பும் ஸ்பிரிட்டும் தாளை வறளச் செய்யும். ஆட்டத்துக்கு நடுவில் தூசி தெரிந்தால் வாயால் ஆவி ஊதி உள்ளங்கையால் துடைத்தாலே போதும்.

கேஸில் வைத்திருந்தாலும் ஸ்கூட்டர் டிக்கியில், நிறுத்திய காரில் பேட்டை விடாதீர்கள். மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே இன்னும் அதிகம். ரப்பர் இறுகும், பசை விடும், மரம் வளையும்.

எப்போது மாற்றுவது

பேட்டை மேசையில் கிடத்தி, பந்தை ரப்பரின் மேல் லேசாக அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நல்ல ரப்பரில் பந்து சிக்கிச் சிக்கி நகரும், ஓய்ந்த ரப்பரில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓரத்தோடு நடுப்பகுதியை ஒப்பிட்டுப் பாருங்கள், முதலில் தேய்வது நடுவே. துடைத்த பிறகும் அங்கே வெளிறிப் பளபளத்தால் காலம் முடிந்தது. வாரம் மூன்று நாள், தினம் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு ஏழெட்டு மாதம் வருவது நியாயம்.

பழையதை உரிக்கும்போது வெடுக்கென்று பிடுங்கினால் மரத்தில் சிலாம்பு பெயரும். கைப்பிடிப் பக்க மூலையைத் தூக்கி, மரத்தின் நாரோட்டத்திலேயே, ரப்பரை மடித்துத் தாழ்வாகப் பிடித்து மெல்ல இழுங்கள். மரத்தில் தங்கும் பசையை விரலால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும்; கத்தியால் சுரண்ட வேண்டியதில்லை.