கவுட்: வலி இல்லாத மாதங்களில் நடக்கும் தவறுகள்

கவுட் என்ற மூட்டு நோயின் வலி பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான் கிளம்பும். படுக்கப் போகும்போது ஒன்றும் இருக்காது. தூக்கத்தின் நடுவே கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகும். ஒரு நாளுக்குள் வலி உச்சத்துக்கு ஏறிவிடும். அப்புறம், மருந்து சாப்பிடாவிட்டாலும்கூட, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். இப்படி அடங்கிவிடுவதுதான் இந்த நோயின் பெரிய சிக்கல். வலி போனதும் நோயும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து மறுபடி வந்தால், முந்தின நாள் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடுகிறோம். அந்த இடைவெளியில் மூட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். நம் செல்கள் பழசாகிச் சிதையும்போதும், சாப்பாட்டிலிருந்தும் பியூரின் என்ற பொருள் கிடைக்கிறது. அது உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதரிடம் அது பரிணாமப் பாதையில் செயலிழந்துவிட்டது. அதனால் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், மீதியைக் குடலும் வெளியே தள்ளியாக வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்து நிற்க முடியாமல் ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கும். உடலின் மையத்தைவிடக் குளிர்ச்சியான கால் விரல்கள் அதற்கு வசதியான இடம். வருடக்கணக்கில் இது சத்தமில்லாமல் நடக்கும். ஒரு நாள் நோயெதிர்ப்பு செல்கள் அந்தப் படிகங்களைப் பார்த்துப் பாயும்போதுதான் வலி வருகிறது. வலி அடங்கினால் அந்தச் சண்டை ஓய்ந்தது என்று மட்டும் அர்த்தம். படிகங்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

கவனிக்காமல் விட்டால் தாக்குதல்கள் நெருங்கி வரும், பெருவிரலை விட்டு கணுக்கால், முழங்கால், கை என்று பரவும். காது மடலிலும் முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் படிகங்கள் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகத் திரளும். மூட்டெலும்பும் அரிக்கப்படும்.

வலி வந்த அன்று

தாக்குதலின்போது செய்யும் தவறுகளில் முதலாவது, தாமதம். காலையில் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுவது. கவுட்டுக்கான மருந்துகள் முதல் சில மணி நேரத்தில் சாப்பிட்டால்தான் நன்றாகக் கேட்கும். ஏற்கெனவே கவுட் என்று உறுதியானவர்கள், அடுத்த தடவை எந்த மருந்தை எந்த அளவில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, மாத்திரையையும் வீட்டில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, கையில் கிடைத்த வலி மாத்திரையைப் போடுவது. இபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் வகை மாத்திரைகள் கவுட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், வயிற்றுப் புண் அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அவை ஆபத்து. கவுட் உள்ளவர்களில் பலர் இந்தப் பட்டியலில் எங்காவது ஓரிடத்தில் இருப்பார்கள் என்பதுதான் சங்கடம். அவர்களுக்குக் குறைந்த நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல நேரங்களில் பாதுகாப்பானது. வலிக்கு ஆஸ்பிரினை எடுக்கக் கூடாது. சிறிய அளவில் அது யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

கவுட் வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான கோல்சிசின் விஷயத்தில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் சாகவில்லை: பேதி ஆகும் வரை மணிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பது. 2010ல் வெளியான ஒரு ஆய்வில் ஒரு குழுவுக்கு மொத்தம் 1.8 மில்லிகிராமும் இன்னொரு குழுவுக்கு 4.8 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பேதி மட்டும் அதிக அளவு எடுத்தவர்களை வாட்டியது. இந்த மருந்தில் வேண்டிய அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்ந்தால், முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாவது தவறு அபூர்வம், ஆனால் விலை அதிகம். ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, கூடவே காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், ‘எனக்குத்தான் கவுட் இருக்கிறதே’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மூட்டுக்குள் கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் தோன்றும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையைத் தப்பாகப் படிப்பது

வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் பார்த்தால், பலருக்கு அது சாதாரணமாகவே வரும். தாக்குதலின்போது உடல் வழக்கத்தைவிட அதிகமாக அதை வெளியேற்றுவது ஒரு காரணம். அந்தத் தாளைப் பார்த்து ‘இது கவுட் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். வலி முழுக்க அடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆனபின் மறுபடி பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இதே அளவுக்குப் பரவலாக இருக்கிறது. உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.5 என்று வந்தது, மூட்டில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனாலும் பயந்துபோய் மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறார்கள். யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு வெறும் எண்ணைப் பார்த்து மருந்து தர வேண்டாம் என்பதே பொதுவான பரிந்துரை. அதே போல, எண் கூடுதலாக இருப்பதாலேயே ஒவ்வொரு முழங்கால் வலியும் கவுட் ஆகிவிடாது, தேய்மானமாகவும் இருக்கலாம். சந்தேகம் தீர ஒரே உறுதியான வழி, மூட்டுநீரை எடுத்து துருவமுனைப்பு நுண்ணோக்கியில் படிகத்தைக் கண்ணால் பார்ப்பது. அது முடியாத இடத்தில் அல்ட்ராசவுண்டும், இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேனும் உதவும்.

பழியெல்லாம் சாப்பாட்டின் மேல்

கவுட் என்றாலே ‘வாயைக் கட்டவில்லை’ என்ற பேச்சு வந்துவிடும். ராஜாக்களின் நோய், தின்று கொழுத்தவர்களின் நோய் என்ற கேலிக்கு நூற்றாண்டுகள் வயது. நோயாளியைக் குற்ற உணர்ச்சியில் தள்ளியதைத் தவிர இந்தக் கேலி எதையும் செய்யவில்லை என்பது என் கருத்து. உடலிலுள்ள யூரிக் அமிலத்தில் பெரும்பங்கு நம் சொந்த செல்களிலிருந்துதான் வருகிறது. கவுட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருக்கும் கோளாறு, சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாமல் போவது. அதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மிகக் கண்டிப்பான பத்தியம் இருந்தாலும் ரத்த அளவு பொதுவாக ஒரு மில்லிகிராம் வாக்கில்தான் இறங்கும். 9.5ல் இருப்பவர் 8.5க்கு வருவார். படிகம் அப்போதும் கரையாது.

அதற்காகச் சாப்பாட்டுக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, நிறைய சிவப்பிறைச்சி, மத்தி, நெத்திலி, சிப்பி வகைகள் ஆகியவை தாக்குதலைத் தூண்டும். மதுவில் மிக மோசம் பீர். அதில் ஆல்கஹாலோடு பியூரினும் இருக்கிறது. பலர் கவனிக்காத எதிரி, சர்க்கரை போட்ட குளிர்பானம். ஃப்ரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம் நேரடியாகக் கூடுகிறது. இறைச்சியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், தினமும் இனிப்புப் பானம் குடிப்பவருக்கும் கவுட் வரலாம்.

வீணாகத் தவிர்க்கப்படுவது பருப்பு, கீரை, காளான், காலிஃபிளவர். இவற்றில் பியூரின் இருப்பது உண்மைதான். ஆனால் சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்து 2004ல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் ஆபத்தைக் கூட்டின, பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை. கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் ஆபத்தைக் குறைக்கவே செய்தன. ஆக, பருப்பையும் கீரையையும் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை மாவையும் இனிப்பையும் நிரப்புவது கெட்ட பேரம்.

எடையைக் குறைப்பது நல்லது, பட்டினி கிடந்து குறைப்பது ஆகாது. நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன்கள், சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தின் வழியை மறிக்கும். ‘பத்து நாளில் பத்து கிலோ’ திட்டத்தின் நடுவில் கவுட் வெடிப்பது இதனால்தான். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவதும் அப்படியே. செர்ரியும் காபியும் கொஞ்சம் நல்லது செய்யலாம், ஆனால் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

மாத்திரையை ஆரம்பித்துப் பாதியில் விடுவது

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தாக்குதல் வந்தாலோ, கட்டிகள் தோன்றினாலோ, எலும்பு அரிப்பு தெரிந்தாலோ யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து தேவை. வழக்கமான முதல் தேர்வு அல்லோபியூரினால். அதை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் தாக்குதல்கள் கூடலாம். அளவு இறங்க இறங்கப் பழைய படிகங்கள் கரைந்து குலையும். அந்தக் கலக்கத்தில் மூட்டு மறுபடி வீங்கும். விஷயம் தெரியாதவர் ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கிப்போட்டுவிடுவார். மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான் அதை நிறுத்துகிறார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதைத் தவிர்க்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த அளவு கோல்சிசினோ வேறு மருந்தோ காவலுக்குச் சேர்த்துத் தருவார்கள். நடுவில் தாக்குதல் வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்தாமல், வலிக்கு மட்டும் தனியாக மருந்து எடுக்க வேண்டும்.

இதன் நிழலாக வரும் இன்னொரு தவறு, ஆரம்ப அளவிலேயே நின்றுவிடுவது. 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, சில வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து இது. இலக்கு 6க்குக் கீழே. கட்டிகள் உள்ளவர்களுக்கு 5க்குக் கீழே. நிறைய பேர் 100லோ 300லோ வருடக்கணக்கில் இருந்துகொண்டு, எண் 7.8 என்பதே தெரியாமல், ‘மருந்து சாப்பிட்டும் வருகிறதே’ என்று நொந்துகொள்கிறார்கள்.

பிரிட்டனில் நாட்டிங்ஹாமில் நடந்து, 2018ல் வெளியான ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரு குழுவை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயைப் பொறுமையாக விளக்கி, அளவைப் படிப்படியாக ஏற்றிக் கவனித்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டு வருட முடிவில் 6க்குக் கீழே இருந்தவர்கள் முதல் குழுவில் 95 சதவீதம், இரண்டாவது குழுவில் 30 சதவீதம். மருந்துகள் பெரும்பாலும் அதே பழைய மருந்துகள்தான்.

அல்லோபியூரினாலில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், மிகக் கடுமையான ஒவ்வாமை வரும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். எச்.எல்.ஏ.-பி*5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளியினரிடம் அது கூடுதலாகக் காணப்படுவதால் முன்பே பரிசோதிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபெபுக்சோஸ்டாட் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் அதை ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

மற்ற மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

ரத்த அழுத்தத்துக்குத் தரும் தையசைட் போன்ற நீர்பிரி மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். ரத்த அழுத்தத்துக்கே தரும் லோசார்டன் அதைக் கொஞ்சம் குறைக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தர வழியிருக்கலாம். நாமாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் சிறிய ஆஸ்பிரினையும் கவுட்டுக்குப் பயந்து விட்டுவிடக் கூடாது.

உண்மையிலேயே கொடிய சேர்க்கை, அல்லோபியூரினாலும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான அசதியோபிரினும். இதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. பின்னாளில் 1988ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும், ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் உடலில் சீக்கிரம் சிதையாமல் தடுக்கத்தான் அல்லோபியூரினாலை ஆராய்ந்தார்கள். அதே மருந்து யூரிக் அமிலம் உருவாவதையும் தடுத்தது. கவுட்டுக்கு மருந்து கிடைத்தது இப்படித்தான். அசதியோபிரின் உடலுக்குள் போய் மெர்காப்டோபியூரினாகத்தான் மாறுகிறது. அல்லோபியூரினால் அதைச் சிதையவிடாமல் தடுத்தால் அளவு எகிறி, எலும்பு மஜ்ஜை முடங்கிவிடும். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களும் அசதியோபிரின் எடுக்கும் மற்றவர்களும் இதை மறக்கவே கூடாது.

சரி, ஐந்து வருடமாகத் தாக்குதலே இல்லை, இப்போது நிறுத்தலாமா? நிறுத்தினால் சில வாரங்களுக்குள் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும். முதல் சில மாதங்கள் ஒன்றும் நடக்காது, ‘பார்த்தீர்களா, குணமாகிவிட்டது’ என்று தோன்றும். பெரும்பாலோருக்குப் பிறகு தாக்குதல் திரும்பி வருகிறது. எண் இலக்கில் நின்றபின் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை யூரிக் அமிலம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம், சர்க்கரை நான்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் போதும். அறுவை சிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ மருத்துவமனையில் சேரும்போது, கவுட் மாத்திரையையும் மருந்துப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். அறுவை முடிந்த ஓரிரு நாளில் கவுட் கிளம்புவது சகஜம். அந்த நேரத்தில் வழக்கமான மாத்திரையும் விடுபட்டிருந்தால், தையல் போட்ட இடத்தைவிடக் கால் விரல்தான் அதிகம் வலிக்கும்.