காதலுக்கு எந்தப் பூவைக் கொடுப்பது?

ஓசூரில் பூக்கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரி 14 நெருங்கினால் இங்குள்ள பசுமைக்குடில் ரோஜாக்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிடும். உள்ளூர் விலையும் கூடவே ஏறும். ஆகவே என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு கடைக்கு வாருங்கள்.

சிவப்பு ரோஜா என்றால் ஒளிவுமறைவில்லாத காதல். கிரேக்கர்கள் ரோஜாவைத் தங்கள் காதல் தெய்வமான அப்ரோடைட்டியோடு சேர்த்தார்கள். மஞ்சள் இன்று நட்புக்கு. விக்டோரியா காலத்து மலர்மொழி நூல்களில் அது பொறாமை. காதலைச் சொல்ல மஞ்சள் கேட்பவர்களை ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்துவிட்டுத்தான் கட்டித் தருவேன்.

வேலைக்காக ஊரைவிட்டுப் போகிறவர் கொடுப்பதானால் முல்லைதான் என் கட்சி. சங்கப் பாடல்களில் முல்லைத்திணை காத்திருத்தலுக்கு உரியது. தலைவன் திரும்பும்வரை தலைவி ஆற்றியிருப்பாள். கூடலுக்கு உரியது குறிஞ்சி. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும், பறிக்கவும் கூடாது. அதன் படத்தை அனுப்பினால் போதும்.

ரோஜா வாங்கும்போது முழுதாக விரிந்ததைத் தொடாதீர்கள். மொட்டின் அடிப்பகுதியை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதியது. காம்பைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். முள்ளை நீக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்; அதற்கு நான் காசு வாங்குவதில்லை.