சாய்தளம் கட்டும் முன்: கடைகளும் அலுவலகங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் அத்தையைத் தர்மபுரியில் ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வாசலில் மூன்று படிகள், பக்கத்திலேயே சாய்தளம். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அதன் நீளம் 5 அடிகூட இல்லை. பாதி ஏறியதும் நாற்காலி என் மேல் சாய்ந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடி வந்து நாற்காலியோடு அத்தையைத் தூக்கி மேலே வைத்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அத்தை வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டாங்கடா" என்றார்.

அந்தச் சாய்தளத்துக்கும் சிமெண்ட், செங்கல், கூலி எல்லாம் செலவாகியிருக்கும். தவறு அளவில்தான். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். ஒரு படி அரையடி என்று வைத்தால், மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். அதற்கு 18 அடி நீளத்தில் சாய்தளம் வர வேண்டும். "அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது" என்று கொத்தனார் கேட்பார். நேராக விட இடமில்லாவிட்டால் சுவரோரமாக விடலாம், நடுவில் ஒரு திருப்பம் கொடுத்து மடக்கலாம். திருப்பத்திலும் மேலே ஏறி நிற்கும் இடத்திலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் இருந்தால்தான் நாற்காலி திரும்பும். வாசல் கதவு 3 அடி அகலம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், இரண்டரை அடி உயரத்தில் ஒன்று, 3 அடியில் இன்னொன்று.

கிரானைட் விளையும் ஊர் நம்முடையது, அதனால் இன்னொரு தவறும் சகஜமாக நடக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சாய்தளத்திலும் பாலிஷ் போட்ட கல்லைப் பதித்துவிடுகிறார்கள். ஒரு தூறல் போட்டால் போதும், ஊன்றுகோல் வழுக்கும். சொரசொரப்பான கல்லோ, கோடு இழுத்த சிமெண்ட் தளமோ போதும்.

"எங்கள் கடைக்குச் சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. வர முடியாத இடத்துக்கு யார் வருவார்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013இல் காவிரித் தண்ணீர் வந்தது சரி, அதற்கு முன் பல வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் ஏறியது இறங்கிவிடாது. முழங்கால் மடங்காது, முதுகு விறைத்துப் போகும். என் அத்தை அப்படித்தான்: வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார், வெளியே என்றால் நாற்காலி. அவரைவிடக் கொஞ்சம் நன்றாக இருப்பவர்களுக்குச் சாய்தளம்கூட வேண்டாம், படிக்கட்டில் கைப்பிடி இருந்தாலே ஏறிவிடுவார்கள். அந்தக் குழாயைக்கூடப் போடாத கடைகள்தான் எத்தனை!

கழிப்பறைக்கு வருவோம். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால் மடங்காத முழங்கால்காரருக்கு அது இல்லாத மாதிரிதான். வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கவாட்டில் பிடித்து எழக் கம்பியும் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், காப்பாற்றப் போகிறவர் திறக்க முடியாது. இத்தனையும் சரியாகக் கட்டிவிட்டு, துடைப்பமும் பழைய நாற்காலிகளும் போட்டுப் பூட்டி வைப்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. சாவி யாரிடம் என்று கேட்டால், அவர் லீவில் இருப்பார்.

தரையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகளும் அலங்காரம் இல்லை. கோடு போட்டது "இப்படியே போகலாம்" என்று சொல்லும், புள்ளி போட்டது "நில், கவனி" என்று சொல்லும். மாற்றிப் பதித்தால் பார்வையற்றவரை நாமே படியில் தள்ளுகிறோம்.

கட்டடத்தில் இல்லாத தவறுகளும் உண்டு. அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடுகிறோம். செல்போனில் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் செயலி) வைத்துக் கேட்பவருக்கு அது வெறும் படம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இன்னும் மோசம், திரைவாசிப்பான் அதைப் புரியாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். யூனிகோடில் அடித்து, எழுத்தாகவே அனுப்புங்கள். ஒரு பைசா செலவில்லை.

காது கேளாதவர் வரும் கவுண்டரில் டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டுப் பயனில்லை, எண் தெரிகிற மாதிரி ஒரு பலகை வேண்டும். எழுதிக் காட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சைகை மொழியிலேயே வளர்ந்தவர்கள் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரிதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட் பக்கம் ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று. வேலை விளம்பரத்தில் "நல்ல உடல் தகுதி" என்று பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்ட்ஸ் சரிபார்க்கிற வேலைக்கு அது எதற்கு? என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்று எழுதினால் முடியுமா முடியாதா என்று வருகிறவரே சொல்வார். அப்புறம், நேர்காணலை மாடியில் வைக்காதீர்கள். கம்பெனி பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருமுறை பாருங்கள். வேலை கிடைத்தும் அந்தப் படியால் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் தயவு இல்லை, 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, 2017இல் விதிகள் வந்ததிலிருந்து அது கொடுத்த ஐந்து வருடமும் 2022லேயே முடிந்துவிட்டது. தனியார் நிறுவனமானாலும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

அபராதம் கிடக்கட்டும். அன்று கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "அம்மா பேர் என்ன?" என்றார். அத்தைக்குக் காலில்தான் சிரமம், பேச்சில் இல்லை. பக்கத்தில் துணைக்கு வந்தவரிடம் கேட்காமல், வந்தவரிடமே கேளுங்கள். உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகு நாற்காலியில் கை வையுங்கள். கட்டும்போதும் அதே மாதிரிதான்: கொத்தனார் சுண்ணாம்பில் கோடு போட்ட அன்றே நாற்காலியில் வருகிற ஒருவரையும் கோல் ஊன்றி வருகிற ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். காங்கிரீட் இறுகிய பிறகு கேட்டால் இடிக்க யாருக்கும் மனம் வராது.

திரும்பி வரும் முன் அந்த அலுவலகத்தின் பக்கச் சுவரை அளந்து பார்த்தேன். 30 அடி இருக்கிறது. இப்போது அங்கே பைக் நிறுத்துகிறார்கள். பைக்குகளை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டு, சுவரோரமாக 18 அடியில் சாய்தளம் போடலாம் என்று படம் வரைந்து மனு கொடுத்திருக்கிறேன். கையெழுத்து அத்தையுடையது.