பிரசவத்துக்குப் பிந்தைய யோகா: தாய்மார்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு யோகா சொல்லித் தருகிறேன். என் முதல் பிரசவத்துக்குப் பின் நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயிற்றைத் தட்டையாக்கும் அவசரம்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த நிலையில் ஒரு தாய் வந்தார். வீட்டிலேயே தினமும் நௌகாசனமும் (உட்கார்ந்து மேலுடம்பையும் கால்களையும் படகுபோல் தூக்கி நிறுத்தும் ஆசனம்), படுத்தபடி மேலுடம்பைத் தூக்கும் பயிற்சியும் செய்துவந்தாராம். "வயிறு குறையவே இல்லை, இன்னும் கூட்டட்டுமா?" என்று கேட்டார். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலையை மட்டும் மெல்லத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நட்டநடுவில் ஒரு மேடு கூம்பிக்கொண்டு எழுந்தது. அதன் மேல் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்தியபோது மூன்று விரல்கள் தாராளமாக உள்ளே இறங்கின.

வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் ஓடுகின்றன. இரண்டையும் இணைக்கும் நடுத்திசு கர்ப்பத்தில் விரிந்து மெலிகிறது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு முதல் 8 வாரங்களில் அந்த இடைவெளி பெருமளவு தானாகவே குறைந்துவிடும். அது குறையாத நிலையில் நௌகாசனம் செய்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, மெலிந்த திசுவை வெளியே தள்ளுகிறது. அதே அழுத்தம் கீழே, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளிலும் இறங்குகிறது. பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்துபோனவை அவை. வயிற்றைக் குறைப்பதாக நினைத்து, ஆறிவர வேண்டிய மாதங்களை வீணாக்குகிறார்கள்.

அந்தத் தாய்க்கு நான் கொடுத்தது மூச்சுப் பயிற்சி மட்டும்தான். மூச்சை இழுக்கும்போது விலா விரியட்டும். விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத்தை மேலே தூக்க வேண்டும். அது கைவந்த பிறகே ஒரு குதிகாலை நகர்த்துவது, ஒரு காலைத் தூக்குவது என்று போனோம். நடுவில் மேடு எழுந்தால் அந்தப் பயிற்சி அன்றைக்கு அதிகம் என்று பொருள். இரண்டு விரல்களுக்கு மேலான இடைவெளி 8 வாரத்துக்குப் பிறகும் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். யூடியூப் வீடியோவிடம் வயிற்றை ஒப்படைக்காதீர்கள்.

கபாலபாதி

வயிற்றை வெட்டி வெட்டி உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி இது. இப்போது வேண்டாம்.

வளைகிறதே என்று வளைப்பது

கர்ப்பகால ஹார்மோன்களால் தளர்ந்த மூட்டுகள் இறுகச் சில மாதங்கள் ஆகும். கால் முன்பைவிட எளிதாக விரிகிறது என்று மகிழ்ந்து, கடைசி எல்லைவரை போகாதீர்கள். இடுப்பின் பின்மூட்டில் வலி பிடித்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது தெரியும்.

உதிரப்போக்கைக் கவனிக்காதது

நாள் போகப்போக அது வெளுத்துக் குறைய வேண்டும். பயிற்சி செய்த பின் மீண்டும் செக்கச்சிவப்பாகவோ அதிகமாகவோ வந்தால், பச்சை உடம்பு ஓய்வு கேட்கிறது; நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிசேரியன் தழும்பு வெளியே ஆறிவிட்டது என்று தொடங்குவது

உள்ளே இன்னும் ஆறியிருக்காது.

குழந்தையைப் பயிற்சிக் கருவியாக்குவது

தாயின் கணைக்கால்மேல் குழந்தையைக் கவிழ்த்துப்போட்டுத் தூக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, தலை நிற்காத குழந்தையோடு முயல்கிறார்கள். தலை உறுதியாக நிற்க மூன்று, நான்கு மாதங்களாவது ஆகும். அதுவரை கழுத்தில் உங்கள் கை இருக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. முழங்கை எலும்பு இடம் நழுவிவிடும்.

சின்னக் குழந்தைக்கு உகந்தது எளிமையானது. நீங்கள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெல்ல மேலும் கீழும் வளைக்கும்போது, குழந்தை உங்களுக்குக் கீழே மல்லாந்து கிடக்கட்டும். உங்கள் முகம் நெருங்கி விலகுவதைப் பார்த்தே அது கைகால்களை உதறி விளையாடும்.

பால் கொடுக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதது

பால் கட்டிய மார்போடு குப்புறப் படுக்க முடியாது. பயிற்சிக்கு முன்பே பால் கொடுத்துவிடுங்கள். ஆனால் பால் குடித்த குழந்தையை உடனே குப்புறப் போட்டால் கக்கிவிடும். அரை மணி நேரம் கழித்து, அது விழித்திருக்கும்போது மட்டும் போடுங்கள். பாயிலேயே தூங்கிவிட்டால் மல்லாத்திவிடுங்கள். பாதியில் அழுதால் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையை எடுங்கள். வகுப்பில் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.