ஜப்பான் டைப் ஆர் வாங்கப் போகிறீர்களா? பிரிட்டனில் பழைய இன்டெக்ரா டிசி5 பார்க்கும் முறை

என் மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இதைக் கொஞ்சம் பாரு, சனிக்கிழமை போய் எடுத்துடலாம்" என்றான். வெள்ளை நிற ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், 2002 மாடல், சிவப்பு ரெக்காரோ இருக்கைகள். பன்னிரண்டு படங்கள். ஒன்றுகூட வண்டிக்கு அடியில் எடுத்ததில்லை. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது.

முதலில் இது என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன். டிசி5 என்பது 2001 முதல் 2006 வரை வந்த இன்டெக்ரா. அதன் டைப் ஆர் வகையில் 2 லிட்டர் கே20ஏ எஞ்சின், 220 குதிரைத்திறன், 6 கியர், முன்சக்கரங்களுக்கு நடுவே எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்), முன்னால் பிரெம்போ பிரேக். எடை 1,200 கிலோவுக்கும் குறைவு. டர்போ கிடையாது. அதற்கு முந்தைய டிசி2 பிரிட்டன் ஷோரூம்களிலேயே கிடைத்தது. டிசி5 டைப் ஆரை ஹோண்டா இங்கே விற்கவே இல்லை. ஆகவே இங்கே ஓடும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஜப்பானிலிருந்து இறக்கியது. இறக்கியவர் யார், எப்போது, எந்த நிலையில் இறக்கினார் என்பதைப் பொறுத்தே உங்கள் தலையெழுத்து.

முதல் வண்டி வாங்குபவர் நேரடியாக ஜப்பான் ஏலத்தில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சுங்கவரி, வாட், கப்பல் கூலி, இறங்கிய 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிப்பு, பதிவு எண் என்று வேலை நிறைய. ஏற்கெனவே இங்கே வந்து பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தேடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்குத்தான்.

படி 1: இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள்

வண்டியைப் பார்க்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பார்த்துவிட்டால் மனசு கேட்காது. ஒப்பீட்டு இணையதளங்களில் இறக்குமதி வண்டி பல நேரம் சரியாக வராது. இறக்குமதி வண்டிகளுக்கென்றே இருக்கும் தரகர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் அந்தத் தொகையைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது நல்லது. வண்டியில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறதோ அத்தனையும் சொல்ல வேண்டும்: சைலன்சர், ஸ்பிரிங், எஞ்சின் கம்ப்யூட்டரில் செய்த டியூனிங், எல்லாம். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று விபத்துக்குப் பிறகு சொன்னால் எடுபடாது. திருடர்களுக்கு இந்த வண்டியின் எஞ்சின்மீதும் இருக்கைகள்மீதும் ஒரு கண் உண்டு. அதனால் அலாரம், டிராக்கர் பற்றியும் கேட்பார்கள்.

லண்டன்காரர்களுக்கு இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் மண்டலம் (அதிகப் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் பகுதி) லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது நகர்ப் பிரிவுகளுக்கும், பொருந்தும். பெட்ரோல் காருக்கு யூரோ 4 புகைத் தரம் வேண்டும். ஜப்பானுக்கென்று செய்த வண்டியின் வி5சி என்ற பதிவு ஆவணத்தில் அந்த விவரம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் வண்டி எவ்வளவு சுத்தமாகப் புகை விட்டாலும் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டச் சொல்லும். ஆதாரம் காட்டி இதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது தனி அலைச்சல். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 2: காகிதத்தில் வண்டியைப் பாருங்கள்

பதிவு எண் கையில் இருந்தால் அரசுத் தளத்தில் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனப் பரிசோதனை) வரலாறு முழுக்க இலவசமாகக் கிடைக்கும். தேறியதா இல்லையா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தேறிய வருடங்களிலும் "அட்வைசரி" என்று குறிப்புகள் இருக்கும். அதில் துரு என்ற சொல் எந்த வருடம் முதலில் வருகிறது, அடுத்த வருடம் என்ன ஆனது என்று பாருங்கள். மச்சான் அனுப்பிய வண்டிக்கு மூன்று வருடமாகப் பின்பக்க அடிப்பகுதியில் துரு என்று இருந்தது. நான்காவது வருடம் "அடியில் கனமாகப் பூச்சு பூசப்பட்டுள்ளது, முழுமையாகப் பரிசோதிக்க இயலவில்லை" என்று இருந்தது. சனிக்கிழமைப் பயணம் அங்கேயே ரத்து.

அடுத்தது ஓட்டக் கணக்கு. இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஜப்பான் மீட்டர் கிலோமீட்டரில் ஓடும். இங்கே வந்ததும் ஒரு சிப் வைத்து மைலுக்கு மாற்றுவார்கள். அன்றிலிருந்து ஓடோமீட்டரும் மைலைக் கூட்டத் தொடங்கிவிடும். பழைய கிலோமீட்டர் எண் அப்படியே இருக்கும். வண்டி 90,000 கிலோமீட்டரில் இறங்கி, பிறகு 40,000 மைல் ஓடியிருந்தால் மீட்டர் 130,000 என்று காட்டும். அது மைலும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. உண்மையில் ஓடியது சுமார் 154,000 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 96,000 மைல். எந்த எண்ணில் மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரிந்தவர் பெரும்பாலும் வண்டியைக் கவனித்து வைத்திருப்பவர்.

மூன்றாவது, ஏலத்தாள். இலங்கையில் ரீகண்டிஷன் வாகனம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஜப்பான் ஏலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பரிசோதகர் எழுதும் ஜாதகம் அது. மேல் மூலையில் 3, 3.5, 4, 4.5 என்று தர எண் இருக்கும். பழைய வண்டிக்கு 3.5 ஒன்றும் மோசமில்லை. எண்ணுக்குப் பதில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் விபத்தில் கட்டமைப்பு அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட வண்டி. (டைப் ஆர் என்பதால் போட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் கூசாமல் சொன்னார்.) வண்டியின் வரைபடத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும்: 'ஏ' என்றால் கீறல், 'யூ' பள்ளம், 'டபிள்யூ' தட்டிச் சரிசெய்த இடம், 'எஸ்' துரு, இரட்டை 'எக்ஸ்' மாற்றப்பட்ட பாகம். பக்கத்தில் உள்ள எண் கூடக் கூட நிலைமை மோசம். வருடம் ஹெய்செய் என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் இருக்கும், 1988ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹெய்செய் 14 என்றால் 2002.

பல டிசி5கள் வந்து பதினைந்து, இருபது வருடம் ஆகிவிட்டதால் ஏலத்தாள் தொலைந்திருக்கும். அது மட்டுமே வண்டியைத் தள்ளக் காரணமில்லை. ஆனால் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழாவது இருந்தால் கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

கடன் பாக்கி, திருட்டு, காப்புறுதியில் அடிபட்டுக் கழிக்கப்பட்டதா என்பதைக் கட்டணச் சோதனையில் பார்த்துவிடுங்கள். அது ஜப்பானில் நடந்த எதையும் சொல்லாது. வி5சி வைத்திருப்பவர் உரிமையாளர் என்றும் அர்த்தமில்லை. அந்தத் தாளிலேயே அப்படி எழுதியிருக்கும்.

படி 3: உண்மையில் டைப் ஆர்தானா?

டிசி5 என்ற அதே குறியீட்டில் சாதாரண இன்டெக்ராவும் இருந்தது. 160 குதிரைத்திறன், கையால் மாற்றும் 5 கியர் அல்லது ஆட்டோமேட்டிக். சேஸி எண் டிசி5 என்று தொடங்குவதால் மட்டும் மயங்க வேண்டாம். ஒட்டும் சின்னம் சில பவுண்டுக்குக் கிடைக்கும். கியர் குமிழில் எத்தனை எண், முன்னால் பிரெம்போ இருக்கிறதா, மோமோ ஸ்டீயரிங்கும் ரெக்காரோவும் அசல்தானா, எஞ்சின் சுற்றுமானியில் சிவப்புக்கோடு 8,000ஐத் தாண்டி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் அறையில் பொறித்த சேஸி எண்ணை வி5சியோடு ஒத்துப் பாருங்கள். ஜப்பான் எண் 17 எழுத்து இருக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படி 4: குளிர்ந்த எஞ்சின், காய்ந்த வானம், வளைந்த முதுகு

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். என் முதல் டிசி5ஐப் பார்க்கப் போனபோது எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. "இப்பதான் கழுவக் கொண்டுபோனேன்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். மறுநாள் காலைக் குளிரில் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் சங்கிலி கரகரவென்று பாடியதும்தான் கழுவிய காரணம் புரிந்தது. கே20 எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. ஆயில் ஒழுங்காக மாற்றியவரிடம் அது நீண்ட நாள் உழைக்கும். மாற்றாதவரிடம் சங்கிலி தொய்ந்து, டென்ஷனரும் தேயும்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டில் இருந்தால் இவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிட்டது. 8,000 சுற்று ஓடும் எஞ்சினை ஆயில் பார்க்காமல் ஓட்டுகிறார்.

அப்புறம் துரு. ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் சாலையில் உப்புக் குறைவு. ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகள் விதிவிலக்கு. அதனால் அங்கிருந்து வரும்போது அடிப்பகுதி பளபளவென்று இருக்கும். ஆனால் இங்குள்ள உப்புக்கு ஏற்ற பாதுகாப்புப் பூச்சு அதில் இல்லை. புதிதாக வந்த வண்டி, சுத்தம், விலை அதிகம். பல வருடமாக இங்கே ஓடிய வண்டி, விலை குறைவு, துரு. நானாக இருந்தால் அதிக விலை கொடுத்துச் சுத்தமானதை எடுப்பேன். எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. பின்சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். கதவுக்குக் கீழே உள்ள சில், பின் சஸ்பென்ஷன் கைகள், போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பாகப் புதுப் பூச்சு மின்னினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

பின் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் சுருக்கமோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் அதே. மழையில் வண்டி பார்க்காதீர்கள்; நனைந்த பெயின்ட் எல்லாமே அழகு.

பின்பக்கப் பனிமூட்ட விளக்கு இங்கே கட்டாயம். ஜப்பான் வண்டியில் பொதுவாக இருக்காது என்பதால் இறக்கியவர் மாட்டியிருப்பார். அதன் வயரிங் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டேப் சுற்றித் தொங்கினால் மற்ற வேலைகளும் அப்படித்தான் செய்திருப்பார்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

முதல் பத்து நிமிடம் மெதுவாக. ரேடியோவை அணைத்துவிடுங்கள். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்துங்கள். டக் டக் என்றால் டிரைவ்ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் கியர்பாக்ஸ் சோதனை. இந்த வண்டியின் பலவீனம் இரண்டாம், மூன்றாம் கியர் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம். மெதுவாக மாற்றினால் வெண்ணெய் மாதிரி விழும், ஒன்றும் தெரியாது. அதிகச் சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்கு விரைவாக மாற்றும்போதுதான் "கிரக்" என்று கடிக்கும். விற்பவரையே ஒரு முறை அப்படி மாற்றச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில். கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது சின்னச் செலவில்லை; சத்தம் கேட்டால் அதை விலையில் கழிக்க வேண்டும்.

6,000 சுற்றை ஒட்டி விடெக் (அதிகச் சுற்றில் வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டா ஏற்பாடு) மாறும். சத்தமே மாறிவிடும், முதுகில் ஒரு தள்ளு வரும், தெரியாமல் போக வாய்ப்பில்லை. அங்கே ஒன்றும் நடக்காமல் எஞ்சின் திணறினால் ஆயில் மட்டம் குறைவு அல்லது விடெக்கை இயக்கும் சொலினாய்டு என்ற மின்வால்வில் கோளாறு. வேக வரம்புள்ள சாலையில் இரண்டாம் கியரிலேயே இதைப் பார்த்துவிடலாம். மூன்றாம் கியரில் 8,000 வரை இழுத்து லைசென்ஸைத் தொலைக்க வேண்டாம்.

சைலன்சர் சத்தம் அளவுக்கு மீறி இருந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதைக் கழற்றியிருந்தால் எம்ஓடியில் நிற்காது.

படி 6: பேரம், பணம்

கண்ட குறைகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி விலை கேளுங்கள். "இது அரிய வண்டி" என்பார். அரியதுதான், ஆனால் துருவும் கூடவே வருகிறதே. அசல் பாகங்கள் கொட்டகையில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய ஸ்பிரிங்கும் சைலன்சரும் பின்னால் உங்களுக்குத் தேவைப்படும். சாவி இரண்டு இருக்கிறதா என்று பார்த்து, வி5சியில் உள்ள முகவரியில் நின்று, வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் திரவம் மூன்றையும் மாற்றுங்கள். விற்றவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்றாலும் சரி. ஜப்பானின் உயர்தரப் பெட்ரோலுக்கு என்று 11.5 அழுத்த விகிதத்தில் செய்த எஞ்சின் இது. ஆகவே பெட்ரோல் பங்கில் எப்போதும் சூப்பர் அன்லெடட்தான், கிடைத்தால் 99 ஆக்டேன். சாதாரண இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) பக்கம் போக வேண்டாம்.

ரேடியோவில் இரண்டு மூன்று நிலையம்தான் வருகிறது என்று பயந்து எலக்ட்ரீஷியனிடம் ஓடாதீர்கள். அந்தக் கால ஜப்பான் ரேடியோவில் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இங்கே 88இலிருந்து 108 வரை. பேண்ட் மாற்றி ஒன்று வாங்கி மாட்டலாம், அல்லது வேறு ரேடியோ. என்னுடையதில் இன்னும் மாற்றவில்லை. விடெக் சத்தம் கேட்கத்தானே வாங்கினோம்.