முதல் மாரத்தானுக்கு முன் வந்த கால் வலியைச் சரிசெய்த விதம்

சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்கியபோது, மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். சில வாரங்களிலேயே முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பின் உட்புற ஓரத்தில், விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்று வலித்தது. மூச்சும் இதயமும் ஓட்டத்துக்கு விரைவில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும் என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார்.

வலி அடங்கும்வரை ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பின்னர் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றிக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரவலாக்கிய முறை இது. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தை நான் தாண்டவே இல்லை. வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தேன். மற்ற எதையும்விட இதுவே எனக்கு அதிகம் உதவியது என்று உறுதியாகச் சொல்வேன். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது என்பதால், நீண்ட ஓட்டங்களை விடியுமுன்னரே தொடங்கி, தண்ணீரோடு ஓஆர்எஸ் கரைசலையும் எடுத்துச் சென்றேன். வாராந்தர நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டரை எட்டியபோதும் வலி திரும்பவில்லை, 42.195 கிலோமீட்டரையும் இடையிடையே நடந்தே ஓடி முடித்தேன்.