மிளகாய் நாற்றழுகலுக்கு சூடோமோனாஸ்

மேட்டுப்பாத்தியில் மிளகாய் நாற்றுகள் தண்டின் அடி நீர்கோத்து, திட்டுத் திட்டாகச் சாய்ந்தன. நாற்றழுகல், பெரும்பாலும் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற மண்கிருமி செய்கிற வேலை. அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்தேன். பாத்திக்கும் மட்கிய தொழு உரத்தில் கலந்து மாலையில் தூவினேன்.

இந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, சிடெரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நோய்க்கிருமிக்கு இரும்பு கிடைக்காது. பினசின் போன்ற, கிருமியை அடக்கும் பொருள்களையும் சுரக்கும். ஆனால் ஏற்கெனவே சாய்ந்த நாற்றை எழுப்பாது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். தாமிர மருந்தோடு கலக்காதீர்கள், பாக்டீரியா பாதிக்கப்படலாம்.

அப்புறம், தண்ணீர் தேங்கினால் எந்தத் தூளும் உதவாது, வடிகாலையும் ஆழப்படுத்தினேன். இந்த முறை ஓரத்தில் கொஞ்சம் போனது, மீதி நடவுக்கு வந்துவிட்டது.